பில்டு பயனரின் கீழ் தோற்கும் சோதனைகள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எபேன் சைபர் நகரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும், ரெதுயியில் உள்ள மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயில்பவர்களும் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. தங்கள் மடிக்கணினியில் எல்லாச் சோதனைகளும் தேறுகின்றன, பொதி (நிறுவுவதற்கேற்பத் தொகுத்த மென்பொருள்) கட்டும் சர்வரில் மட்டும் பத்துப் பன்னிரண்டு தோற்றுவிடுகின்றன, நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பிறகு ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் பிழை நிரலின் கணக்கில் இருப்பதில்லை. மடிக்கணினியில் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, சர்வரில் அச்சோதனையை ஓட்டும் பயனருக்குக் கிடைப்பதில்லை. அந்த ஒன்று எது என்று கண்டுபிடித்து, அதைச் சோதனையே தனக்கென உருவாக்கிக்கொள்ளும்படி செய்வதுதான் இந்த வேலை முழுவதும்.

லினக்ஸ் சூழலை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகள், மாறிகள், பாதைகள் ஆகியவற்றின் பெயர்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். விசைப்பலகையில் அவற்றை வழக்கமான உரோமன் எழுத்தில் இட வேண்டும்.

பில்டு பயனர் என்பவர் யார்

பொதி கட்டும் கருவிகள் மூலநிரலை உங்கள் கணக்கில் கட்டுவதில்லை. அதற்கென்றே ஒதுக்கிய, உரிமை குறைந்த ஒரு கணக்கில் கட்டுகின்றன. பொதி மேலாண்மைக் கருவியான நிக்ஸில் நிக்ஸ்பில்டு1, நிக்ஸ்பில்டு2 என்று வரிசையாகப் பயனர்கள் இருப்பார்கள்; அதைப் போன்ற கீக்ஸில் கீக்ஸ்பில்டர்01 முதலியவர்கள். ஃபெடோரா லினக்ஸின் மாக் கருவியில் மாக்பில்டு, ஜென்டூ லினக்ஸில் போர்ட்டேஜ். இவர்களில் பலருக்கு வீட்டுக் கோப்புறையே கிடையாது. நிக்ஸும் கீக்ஸும், வீட்டுக் கோப்புறையைக் காட்டும் ஹோம் என்ற சூழல் மாறியில் '/ஹோம்லெஸ்-ஷெல்டர்' என்று, அதாவது வீடற்றோர் புகலிடம் என்று, இல்லாத ஒரு பாதையை வேண்டுமென்றே எழுதிவைக்கின்றன. டெபியன் லினக்ஸின் பொதி கட்டும் கருவியான எஸ்பில்டும் 'இல்லாதது' என்று பொருள்படும் பாதையைத்தான் கொடுக்கிறது.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. பொதி கட்டும்போது ஓடுவது இணையத்திலிருந்து எடுத்த, நீங்கள் வரிவரியாகப் படித்துப் பார்க்காத நிரல். அது உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவியைத் தொடக் கூடாது. உங்கள் அமைவுக் கோப்பைப் படித்துவிட்டு வேறொரு முடிவைத் தரவும் கூடாது. டெபியனின் கொள்கை ஆவணம், மூலநிரல் விரிந்திருக்கும் கோப்புறைக்கும் தற்காலிகக் கோப்புறைகளுக்கும் வெளியே எழுதக் கூடாது, வலையமைப்பைத் தொடக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே சாண்ட்பாக்ஸை (இந்தக் கட்டுப்பாடுகளைக் காக்கும் வேலியை) அணைப்பது, கோப்புறைக்கு 777 உரிமை (யாரும் எழுதலாம் என்ற உரிமை) கொடுப்பது, எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக ஓட்டுவது ஆகிய மூன்றையும் தீர்வுகளின் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இதை நான் பட்டே கற்றேன். தொடக்க காலத்தில் ஒரு பொதியில் பன்னிரண்டு சோதனைகள் தோற்றபோது, அவசரத்தில் கன்டெய்னருக்குள் (தனித்துப் பிரித்த இயக்கச் சூழலுக்குள்) ரூட்டாக ஓட்டினேன். பன்னிரண்டும் தேறின, ஆனால் அதுவரை தேறிக்கொண்டிருந்த ஒன்று தோற்றது. அச்சோதனை ஒரு கோப்பின் உரிமையை 000 ஆக்கிவிட்டு, அதைத் திறக்க முடியாமல் பிழை வருகிறதா என்று பார்ப்பது. ரூட்டுக்கு வழக்கமாகக் கோப்பு உரிமைகள் தடையாவதில்லை என்பதால் கோப்பு திறந்துகொண்டது. வர வேண்டிய பிழை வரவில்லை. அன்றிலிருந்து ரூட்டாக ஓட்டித் தேறிய எந்தச் சோதனையையும் தேறியதாக நான் எண்ணுவதில்லை.

முதல் படி: முதலில் தோற்றதைப் படியுங்கள்

பதிவுக் கோப்பின் கடைசி வரி பெரும்பாலும் உதவாது. மேலேறிச் சென்று, முதன்முதலில் தோற்ற சோதனை எது, அது சொன்ன பிழைச்சொல் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பிழைச்சொற்களைப் பிரித்தறியப் பழகினால் பாதி வேலை முடிந்துவிடும். 'பெர்மிஷன் டினைட்' என்றால் கோப்பின் அல்லது கோப்புறையின் உரிமை போதவில்லை. 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்' என்றால் பெரும்பாலும் அந்தச் செயலையே கெர்னல் இந்தப் பயனருக்கு மறுக்கிறது: கோப்பின் உரிமையாளரை மாற்றுவது அல்லது நிக்ஸ் சாண்ட்பாக்ஸுக்குள் செட்யுஐடி பிட் (கோப்பை அதன் உரிமையாளரின் உரிமையுடன் ஓடச் செய்யும் குறி) வைப்பது போன்றவை இதில் அடங்கும். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்பது எழுத முடியாதபடி ஏற்றப்பட்ட இடத்தில் எழுத முயன்றதைக் காட்டும். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' மட்டும் ஏமாற்றக்கூடியது. காணாமல் போனது தரவுக் கோப்பாகவும் இருக்கலாம், ஸ்கிரிப்டின் முதல் வரியில் குறித்த ஷெல்லாகவும் இருக்கலாம். கீக்ஸின் சூழலில் '/பின்/எஸ்ஹெச்' இருக்காது. நிக்ஸில் அது இருந்தாலும் '/யூஎஸ்ஆர்/பின்/என்வ்' இருக்காது. ஆகவே கண்ணெதிரே இருக்கும் ஸ்கிரிப்டையே 'இல்லை' என்று சொல்வதுபோல் தோன்றும்.

இரண்டாம் படி: அந்தச் சூழலை உங்கள் கணினியில் உருவாக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லாதீர்கள். சர்வருக்கு ஒவ்வொரு திருத்தமாக அனுப்பி, இருபது நிமிடம் காத்திருந்து, மீண்டும் தோற்பதைப் பார்ப்பவர்கள் ஒரு நாளை இழக்கிறார்கள்.

எளிய வழி, 'என்வ்' கட்டளையை '-ஐ' விருப்பத்துடன் ஓட்டுவது. அது உங்கள் சூழல் மாறிகள் அனைத்தையும் துடைத்துவிடும். அதன்பின் பாத் மாறியை மட்டும் கொடுத்து, ஹோம் மாறியில் இல்லாத ஒரு பாதையையும், மொழியமைவைக் காட்டும் எல்சி_ஆல் மாறியில் 'சி' என்பதையும், நேர மண்டலத்தைக் காட்டும் டிஇசட் மாறியில் 'யூடிசி' (உலகப் பொது நேரம்) என்பதையும் எழுதி, உள்ளீட்டை '/டெவ்/நல்' இலிருந்து கொடுத்து, சோதனையை ஓட்டுங்கள். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பகுதி இந்த ஒற்றை வரியிலேயே வெளிப்பட்டுவிட்டது.

அதில் வெளிப்படாவிட்டால், கன்டெய்னர் கருவியான டாக்கரைப் பயன்படுத்தலாம். '--யூசர்' என்பதற்கு 12345:12345 போன்ற, யாருக்கும் உரிமையில்லாத எண்ணைக் கொடுங்கள். '--நெட்வொர்க்' என்பதற்கு 'நன்' என்று கொடுங்கள். '--ரீட்-ஒன்லி' சேர்த்து, '--டிஎம்பிஎஃப்எஸ்' மூலம் '/டிஎம்பி' ஒன்றை மட்டும் எழுதத்தக்கதாக விடுங்கள். இது பல பில்டு சர்வர்களைவிடக் கடுமையான சூழல். இதில் தேறும் சோதனை மற்ற இடங்களில் தோற்பது அரிது.

நிக்ஸ் அல்லது கீக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் துல்லியமான வழி உண்டு. 'நிக்ஸ்-பில்டு' அல்லது 'கீக்ஸ் பில்டு' கட்டளையைப் பெரிய '-கே' விருப்பத்துடன் ஓட்டினால், தோற்ற பில்டின் கோப்புறை அழிக்கப்படாமல் நிற்கும். கீக்ஸில் அதனுள் 'என்விரான்மென்ட்-வேரியபிள்ஸ்' என்ற கோப்பு இருக்கும்; அதை ஷெல்லில் ஏற்றினால் பில்டு பயனர் கண்ட அதே மாறிகள் உங்களுக்கும் கிடைக்கும்.

மூன்றாம் படி: எதைத் தேடித் தோற்றது என்று பாருங்கள்

பிழைச்செய்தி தெளிவாக இல்லையென்றால், நிரல் கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் 'எஸ்டிரேஸ்' கட்டளையை '-எஃப்' விருப்பத்துடன், கோப்பு சார்ந்த அழைப்புகளை மட்டும் காட்டும்படி ஓட்டுங்கள். வரும் வெளியீடு மிக நீளமாக இருக்கும். அதில் 'ஈஅக்சஸ்', 'ஈபெர்ம்', 'ஈஆர்ஓஎஃப்எஸ்' (முதல் படியில் சொன்ன முதல் மூன்று பிழைச்சொற்களின் குறியீடுகள்) என்று வரும் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். அந்த வரிகளில் உள்ள பாதை உங்களுக்குரிய விடையைச் சொல்லிவிடும். பாதை ஹோம் மாறியின் மதிப்பில் தொடங்கினால் அடுத்த பகுதி உங்களுக்கானது.

வீடில்லாத பயனர்

தோல்விகளில் மிகுதியானது இந்த வகைதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு நிரல் '.கான்ஃபிக்' அல்லது '.கேஷ்' கோப்புறையில் எழுத விரும்புகிறது. எக்ஸ்டிஜி_கான்ஃபிக்_ஹோம், எக்ஸ்டிஜி_கேஷ்_ஹோம் ஆகிய மாறிகள் இல்லையென்றால் அவை ஹோமுக்குள் இருப்பதாகவே கொள்ளப்படும். ஹோம் இல்லாத பாதையைக் காட்டுகிறது. அதை உருவாக்கவும் உரிமையில்லை. கோ மொழியின் கருவி, தற்சேமிப்பு வைக்க இடமில்லை என்று சொல்லி நின்றுவிடும். பைதானில் வரைபடம் வரையும் மாட்பிளாட்லிப் தற்காலிகக் கோப்புறை ஒன்றை உருவாக்கிக்கொண்டு எச்சரிக்கை விடும். எச்சரிக்கை எதுவும் அச்சாகக் கூடாது என்று பார்க்கும் சோதனை அதனாலேயே தோற்கும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டுக்கு உங்கள் பெயரும் மின்னஞ்சலும் வீட்டுக் கோப்புறையின் அமைவுக் கோப்பிலிருந்துதான் கிடைத்துக்கொண்டிருந்தன. அது இல்லாதபோது கமிட் செய்ய மறுக்கும்.

தீர்வு, சோதனை தொடங்கும் முன் 'எம்கேடெம்ப் -டி' கட்டளையால் ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி, ஹோம் மாறியை அதற்கு மாற்றுவது. நிக்ஸில் இதை 'ப்ரீசெக்' பகுதியில் எழுதுவார்கள்; கீக்ஸில் 'செக்' கட்டத்துக்கு முன் ஒரு கட்டத்தைச் சேர்த்து ஹோமை '/டிஎம்பி' ஆக்குவார்கள். டெபியனில், பொதி கட்ட உதவும் டெப்ஹெல்பரின் 13 ஆம் இணக்க நிலையிலிருந்து, எழுதத்தக்க வெற்று ஹோம் தானாகவே கிடைக்கிறது. பழைய நிலையில் நிற்கும் பொதியென்றால், கையால் மாறியை எழுதுவதைவிட நிலையை உயர்த்துவதே நல்லது. கிட்டுக்கு, ஆசிரியர் பெயரையும் மின்னஞ்சலையும் அதற்குரிய சூழல் மாறிகளில் சோதனையே கொடுக்கலாம்.

நிரல் உங்களுடையதே என்றால் இன்னும் ஒரு படி செல்லுங்கள். எல்லாச் சோதனைகளும் ஒரே ஹோமைப் பகிர்ந்தால், இணையாக ஓடும்போது ஒன்றின் அமைவை மற்றொன்று மாற்றிவிடும். அந்தத் தோல்வி சில நாள் வரும், சில நாள் வராது. பைதானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில் 'டிஎம்பி_பாத்' தரும் கோப்புறையை, 'மங்கிபேட்ச்' மூலம் ஒவ்வொரு சோதனைக்கும் தனி ஹோமாகக் கொடுப்பது முறையானது.

ஜாவாவில் மட்டும் இந்தத் தீர்வு பலிக்காது. லினக்ஸில் ஜாவா தன் 'யூசர்.ஹோம்' மதிப்பை ஹோம் மாறியிலிருந்து எடுப்பதில்லை. கடவுச்சொல் கோப்பில் அந்தப் பயனர் எண்ணுக்குரிய வரியைப் பார்த்து எடுக்கிறது. அந்த வரியே இல்லையென்றால், பழைய பதிப்புகளில் மதிப்பு ஒரு கேள்விக்குறியாகிவிடும்; புதிய பதிப்புகள் அப்போது மட்டும் ஹோம் மாறியைப் பார்க்கும். மூலநிரல் கோப்புறையில் கேள்விக்குறிப் பெயரில் ஒரு கோப்புறை முளைத்திருப்பதைக் கண்டால் காரணம் இதுதான். ஜாவாவைத் தொடங்கும்போதே '-டியூசர்.ஹோம்' விருப்பத்தில் பாதையைக் கொடுக்க வேண்டும்.

பெயரில்லாத பயனர்

கன்டெய்னரில் 12345 என்ற எண்ணுடன் ஓடும் பயனருக்கு '/ஈடிசி/பாஸ்டபிள்யூடி' கோப்பில் வரி இருக்காது. பைதானின் 'கெட்பிடபிள்யூயுஐடி' அழைப்பு, எண் கிடைக்கவில்லை என்று பிழை எழுப்பும். பயனர்பெயர் நிரலுக்கு உண்மையில் தேவையா என்று முதலில் கேளுங்கள். பதிவில் அச்சிட மட்டும் என்றால், பெயர் கிடைக்காதபோது எண்ணை அச்சிடும்படி நிரலைத் திருத்துவதே சரி. உண்மையில் தேவையென்றால், சாம்பா திட்டத்தைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய 'என்எஸ்எஸ்_ராப்பர்' என்ற நூலகம் இருக்கிறது. அதை நிரலுக்கு முன்பே நினைவகத்தில் ஏற்றி, நீங்களே எழுதிய பயனர் கோப்பையும் குழுக் கோப்பையும் இரண்டு மாறிகளில் காட்டினால், கணினியின் உண்மையான கோப்பைத் தொடாமலே பெயர் கிடைக்கும்.

மொழியும் எழுத்தும்

நம் தீவில் இது தனிக் கவனம் பெற வேண்டியது. இங்கே பலர் கணினியைப் பிரெஞ்சு அமைவில் வைத்திருக்கிறோம். அதில் பதின்மப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். '3,14' என்ற வெளியீட்டை எதிர்பார்த்து எழுதிய சோதனை, 'சி' அமைவில் ஓடும் பில்டு பயனரிடம் '3.14' பெற்றுத் தோற்கும். சோதனைக்கு எந்த அமைவு வேண்டுமோ அதைச் சோதனையே குறிப்பிட வேண்டும். அந்த அமைவு பில்டு சூழலில் நிறுவப்பட்டிருக்கவும் வேண்டும்.

நம் ரூபாய்த் தாளில் தொகை தமிழிலும் எழுதப்பட்டிருப்பதுபோல் ரசீதிலும் தமிழில் வர வேண்டும் என்று விரும்பிய மாணவி ஒருவர், 'ரசீது' என்ற பெயரிலேயே கோப்பை உருவாக்கும் சோதனை எழுதியிருந்தார். பைதானில் தேறியது, ஜாவாவில் எழுதிய பகுதியில் தோற்றது. பைதான் 3.7 முதல், 'சி' அமைவைக் கண்டால், எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கவல்ல யூடிஎஃப்-8 முறைக்கு மாறிக்கொள்கிறது. ஜாவாவோ 18 ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2022 முதல், கோப்பின் உள்ளடக்கத்துக்கு யூடிஎஃப்-8 ஐ இயல்பாகக் கொண்டாலும், கோப்பின் பெயருக்கு இன்னும் கணினியின் அமைவையே பின்பற்றுகிறது. எல்சி_ஆல் மாறியை 'சி.யூடிஎஃப்-8' ஆக்கியதும் அவருடைய சோதனை தேறியது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.35 ஆம் பதிப்பு முதல் இந்த அமைவு அதனுடனேயே வருகிறது.

தமிழ்ப் பெயர்களில் நீளத்தையும் எண்ணிப் பாருங்கள். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. உயிர்மெய்யில் மெய்க்குறிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனியே 3. 'ரசீது' என்பது மூன்றெழுத்தே ஆனாலும் ஐந்து குறிகள், 15 பைட்டு. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டுதான் வரம்பு என்பதால் 85 குறிகளுக்கு மேல் செல்லாது.

நான்கு மணி நேரம்

மொரீசியஸ் யூடிசியைவிட நான்கு மணி நேரம் முன்னால் நிற்கிறது. பில்டு பயனர் பெரும்பாலும் யூடிசியில் வாழ்கிறார். நள்ளிரவு முதல் அதிகாலை நான்கு மணிவரை நமக்குப் புதிய தேதி பிறந்திருக்கும். அவருக்கு இன்னும் முந்தைய தேதி. 'இன்றைய தேதி' என்று ஒப்பிடும் சோதனை பகலெல்லாம் தேறி, இரவுப் பில்டில் மட்டும் தோற்றால் முதலில் இங்கே பாருங்கள்.

வேறொரு நுட்பமும் உண்டு. நம் நாட்டில் 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்திருந்தோம். அந்தக் காலத்துப் பழைய பதிவுகளைக் கையாளும் நிரலுக்கு 2008 டிசம்பரில் வித்தியாசம் ஐந்து மணி நேரமாக வர வேண்டும். பில்டு சூழலில் நேர மண்டலத் தரவுப் பொதி இல்லையென்றால், 'இந்தியன்/மொரீசியஸ்' என்று டிஇசட் மாறியில் எழுதினாலும் ஜிலிப்சி எந்தப் பிழையும் சொல்லாமல் யூடிசியையே கணக்கிடும். பைதானின் 'ஸோன்இன்ஃபோ' பிழை எழுப்பிவிடும் என்பதால் அங்கே கண்டுபிடிப்பது எளிது. 'டிஇசட்டேட்டா' பொதியைச் சோதனைக்கான சார்புகளில் சேருங்கள். நிலையான நான்கு மணி நேர வித்தியாசத்தைக் கையால் எழுதிச் சமாளிக்காதீர்கள். அதற்கு 2008 தெரியாது.

வலையமைப்பு, சாக்கெட், முனையம்

வெளியுலகப் பெயர்களைத் தேடும் சோதனை சாண்ட்பாக்ஸில் தோற்கத்தான் செய்யும். அதற்கு உள்ளூரில் சிறு சர்வர் ஒன்றை எழுப்பிக் கொடுங்கள், அல்லது அதைத் தனிக் குழுவாகப் பிரித்து வையுங்கள். உங்கள் கணினியில் 'அன்ஷேர் -என்' கொண்டு சோதிப்பவர்கள், அந்தப் புதிய வலைவெளியில் லூப்பேக் இடைமுகமும் (கணினி தன்னுடனேயே பேசும் வழி) அணைந்தே இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 'ஐபி லிங்க்' கட்டளையால் அதை எழுப்பாவிட்டால், 127.0.0.1 உடன் பேசும் நல்ல சோதனைகளும் சேர்ந்து தோற்கும்.

ஒரே கணினியில் ஓடும் நிரல்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட்டின் பாதைக்கு லினக்ஸில் 108 பைட்டுதான் இடம். பில்டு கோப்புறையின் பாதை நீளமாக இருந்தால் சாக்கெட்டை அங்கே வைக்க முடியாது. '/டிஎம்பி'யின் கீழ் குறுகிய பெயரில் வையுங்கள். முனையம் வேண்டும் சோதனைக்கு 'ஸ்கிரிப்ட்' கட்டளையும், திரை வேண்டும் சோதனைக்கு 'எக்ஸ்விஎஃப்பி-ரன்' கட்டளையும், டிபஸ் (மேசைக்கணினி நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் அமைப்பு) வேண்டும் சோதனைக்கு 'டிபஸ்-ரன்-செஷன்' கட்டளையும் உதவும். டாக்கரில் '/டெவ்/எஸ்ஹெச்எம்' இயல்பாக 64 எம்பி மட்டுமே என்பதால் உலாவியை ஓட்டும் சோதனைகள் பாதியில் நின்றுவிடும்; '--எஸ்ஹெச்எம்-சைஸ்' விருப்பத்தால் உயர்த்துங்கள்.

கடைசிப் படி: தாண்டவேண்டியதைக் காரணத்துடன் தாண்டுங்கள்

சில சோதனைகளுக்குப் பில்டு பயனரிடம் இல்லாத உரிமை உண்மையாகவே வேண்டும்: கோப்பு முறைமையை ஏற்றுவது, உரிமையாளரை மாற்றுவது போன்றவை. அவற்றைத் தாண்டலாம். ஆனால் சோதனைத் தொகுப்பு முழுவதையும் அணைப்பது வேறு, அந்த ஒரு சோதனையை மட்டும் தாண்டுவது வேறு. சோதனைக்குள்ளேயே நிபந்தனை எழுதுங்கள்: உரிமை இருக்கிறதா என்று செய்து பார்த்து, இல்லையென்றால் மட்டும் காரணத்தை அச்சிட்டுத் தாண்டும்படி. பொதியின் பெயரையோ சர்வரின் பெயரையோ பார்த்துத் தாண்டும் நிபந்தனை, சர்வர் மாறிய அன்றே பொருளிழந்துவிடும்.

திருத்தம் முடிந்ததும் மூன்று முறை ஓட்டுங்கள்: உங்கள் கணக்கில் ஒரு முறை, இரண்டாம் படியில் உருவாக்கிய சூழலில் ஒரு முறை, 'ஃபேக்டைம்' கருவியால் கடிகாரத்தை இங்குள்ள அதிகாலை இரண்டு மணிக்கு மாற்றி ஒரு முறை. மூன்றிலும் தேறினால் திருத்தத்தை மூல ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள். எந்தக் கட்டளையால் தோல்வியை மீண்டும் வரவழைக்கலாம் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்; அவர்களுடைய மடிக்கணினியிலும் அது தேறிக்கொண்டுதான் இருக்கும். பிறகு, பெரிய '-கே' விருப்பத்தால் விட்டுவைத்த பில்டு கோப்புறைகளை அழித்துவிடுங்கள். பெரிய பொதிகளில் அவை வட்டை விரைவில் நிரப்பிவிடும்.